‘ஃபிஷஸ்’ பார்க்கப் போகிறாயா? அக்கா சொல்வதைக் கேட்டுவிட்டுப் போ

தங்கச்சி, ‘தி பேர்’ இரண்டாவது சீசனில் ஐந்து எபிசோடு முடித்துவிட்டாய், ஆறாவதைப் பற்றி ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள், பார்ப்பதா தாண்டிப் போவதா என்று கேட்டாய். தாண்டாதே. ‘ஃபிஷஸ்’ என்ற அந்த எபிசோடை விட்டுவிட்டால் மீதி நான்கும் உனக்கு அரைகுறையாகத்தான் விளங்கும். ஆனால் அதைப் பார்க்க ஒரு பக்குவம் வேண்டும். பார்த்து முடித்தபின் காதில் விழும் கருத்துகளில் எதை எடுத்துக்கொள்வது, எதை விடுவது என்பதற்கும் ஒரு பக்குவம் வேண்டும்.

சீசன் நடுவில் வரும் எபிசோடைப் பற்றிக் கருத்துச் சொல்வது, தொடர் முழுவதையும் பற்றிச் சொல்வதைவிடக் கடினம். முன்னால் நடந்தது தெரியும், பின்னால் வரப்போவது தெரியாது. அந்த நிலையிலேயே பலர் தீர்ப்பு எழுதிவிடுகிறார்கள். அதிலும் இந்தத் தொடரின் இரண்டாவது சீசன் 2023 ஜூன் 22 அன்று அமெரிக்காவில் பத்து எபிசோடும் ஒரே நாளில் வெளியானது. ஆறாவதோடு நிறுத்திப் பேசியவர்கள் உண்டு, பத்தையும் ஒரே மூச்சில் பார்த்துவிட்டுப் பேசியவர்களும் உண்டு. ஒருவர் கருத்தைப் படிக்கும்போது அவர் எங்கே நின்று பேசுகிறார் என்று முதலில் பார்.

கதை கொஞ்சம் வெளியே வரும். ஒன்றும் தெரியாமல் பார்க்க ஆசைப்பட்டால் முதல் இரண்டு தலைப்புகளோடு நிறுத்தி, பார்த்துவிட்டு வந்து மீதியைப் படி.

உட்காரும் முன்

இந்தத் தொடரின் எபிசோடுகள் பெரும்பாலும் அரை மணி நேரம், கொஞ்சம் முன்பின் இருக்கும். ‘ஃபிஷஸ்’ 66 நிமிடம். ராத்திரி படுக்கும் முன் ‘ஒண்ணே ஒண்ணு’ என்று ஆரம்பிக்காதே, தூக்கம் போய்விடும். சாப்பாட்டுத் தட்டை மடியில் வைத்துக்கொண்டும் பார்க்காதே. சமையலறை டைமர்கள் ஒன்று மாற்றி ஒன்று அலறிக்கொண்டே இருக்கும், அடுப்பில் எது தீய்கிறது, எது கொதித்து வழிகிறது என்று நம் வயிறும் சேர்ந்து பதறும். சாயங்கால வேளையில், போனைத் தள்ளி வைத்துவிட்டு உட்கார்.

சப்டைட்டிலைப் போட்டுக்கொள். ஆனால் அதையே நம்பியிருக்காதே. கல்யாண வீட்டுக் கூடத்தில் நாலு பக்கமும் நாலு பேச்சு ஓடுவது போல இங்கே எல்லாரும் ஒரே நேரத்தில் பேசுவார்கள், எழுத்தில் அதில் ஒன்றிரண்டுதான் வரும். விட்டுப்போன வரியைப் பிடிக்க ரீவைண்ட் பண்ணாதே. அந்தக் குழப்பம் வேண்டுமென்றே வைத்தது. கிறிஸ்டோஃபர் ஸ்டோரரும் ஜோவானா கேலோவும் சேர்ந்து எழுதி, ஸ்டோரரே இயக்கியது. அந்த வீட்டில் யார் சொல்வதும் யார் காதிலும் விழாது என்பதை, நம் காதிலும் விழாமல் செய்தே சொல்லியிருக்கிறார்கள்.

‘முந்தைய கதை தெரியாமலேயே பார்க்கலாம், தனிப் படம் மாதிரி’ என்று சிலர் சொல்வதைக் கேட்காதே. மைக்கி தன் உயிரைத் தானே மாய்த்துக்கொண்டவன் என்பது முதல் சீசனிலேயே நமக்குத் தெரிந்துவிடும். இங்கே அவன் உயிரோடு இருக்கிறான், சிரிக்கிறான், கதை சொல்லி ஆட்களை மடக்குகிறான். அது தெரிந்து பார்க்கிறவருக்கு அவனுடைய ஒவ்வொரு சிரிப்பும் வலிக்கும். தெரியாமல் பார்க்கிறவருக்கு அவன் வெறும் முன்கோபக்காரன். எபிசோடைக் குறை சொன்ன சிலர் இப்படி நடுவில் நுழைந்தவர்கள்தான், அவர்களைக் குற்றம் சொல்லவும் முடியாது.

உன் தோழிகளில் யாராவது வீட்டில் இப்படி ஒருவரை இழந்திருந்தால், ‘சூப்பரா இருக்கு, பாரு’ என்று லிங்க் மட்டும் அனுப்பிவிடாதே. என்ன இருக்கிறது என்று முன்கூட்டியே சொல்லிவிடு. பார்த்து மனசு கலங்கிப்போனால் பேசுவதற்கு 14416 என்ற டெலி மானஸ் எண் இருக்கிறது. கட்டணம் கிடையாது, எந்த நேரமும் கூப்பிடலாம், தமிழிலும் பேசுவார்கள்.

இன்னொன்று. முதல் தடவை அம்மாவோடு உட்கார்ந்து பார்க்காதே. பண்டிகைச் சமையல் முழுவதையும் ஒருத்தி தலையில் போட்டுவிட்டு மற்றவர்கள் கூடத்தில் அரட்டை அடிப்பதும், அவள் அடுப்படியில் நின்று உருகுவதும் எந்த அம்மாவையும் குத்தும். தன்னைக் குறித்துத்தான் பிள்ளை இதைப் போட்டுக் காட்டுகிறாள் என்று நினைத்துவிட்டால், அதைச் சரிசெய்வது பெரிய பாடு. நீ தனியாகப் பார். பிறகு அம்மாவுக்குக் காட்டலாமா என்று உனக்கே தெரியும்.

யார் யார் என்று தெரிந்துகொண்டு போ

கதை நடப்பது சிகாகோவில். கார்மி பெரிய ஹோட்டல்களில் வேலை பார்த்துப் பேரெடுத்த சமையல்காரன். அண்ணன் மைக்கி இறந்தபின் அவனுடைய சாண்ட்விச் கடையை நடத்த ஊருக்குத் திரும்பி வந்தவன். இரண்டாவது சீசனில் அந்தக் கடையை இடித்துவிட்டுப் புது ரெஸ்டாரண்ட் கட்டுகிறார்கள், திறப்பு விழாவுக்கு நாள் எண்ணிக்கொண்டிருக்கிறார்கள். அந்த ஓட்டத்தின் நடுவில் ‘ஃபிஷஸ்’ நம்மைச் சுமார் ஐந்து வருடம் பின்னால் தூக்கிப் போடுகிறது. அந்தக் குடும்பத்தின் ஒரு கிறிஸ்துமஸ் இரவு.

வீட்டுக்காரம்மா டோனா. பிள்ளைகள் மூன்று பேர்: மைக்கி, சுகர் என்று கூப்பிடப்படும் நாட்டலி, கார்மி. நாட்டலியின் கணவர் பீட், எல்லாரும் கிண்டலடிக்கும் மாப்பிள்ளை. ரிச்சி ரத்த சொந்தம் இல்லை, ஆனால் ‘கசின்’ என்றே அழைப்பார்கள். அவன் மனைவி டிஃபனி வாயும் வயிறுமாக மாடியில் படுத்திருப்பாள். கையில் காசுள்ள ஜிம்மி மாமா ஒருவர், எல்லாரையும் சீண்டும் லீ மாமா ஒருவர். நியூயார்க்கிலிருந்து வந்திருக்கும் மிஷேல், அவளோடு வந்த ஸ்டீவி. அப்புறம் குடும்ப நண்பர்களான ஃபேக் சகோதரர்கள். இவ்வளவு தெரிந்தால் போதும்.

சாப்பாட்டைப் பற்றியும் ஒரு வார்த்தை. கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் இறைச்சி சாப்பிடாமல், ஏழு வகைக் கடல் உணவு செய்வது இத்தாலிய அமெரிக்கக் குடும்பங்களின் வழக்கம். டோனா தனி ஆளாக அந்த ஏழையும் செய்கிறார். அந்த எண்ணிக்கை எவ்வளவு முக்கியம் என்று தெரியாமல் பீட் எட்டாவதாக ஒரு சூரை மீன் கேசரோலைக் கையில் தூக்கிக்கொண்டு வருவான். அவன் பாத்திரத்தைப் பார்த்தவுடன் வீடே ஏன் அப்படி மிரளுகிறது என்பது இது தெரிந்தால்தான் புரியும்.

‘இது காமெடியா?’ என்ற சண்டையில் நேரத்தைச் செலவழிக்காதே

இந்த எபிசோடைப் பற்றி அதிகம் கேட்கப்போகும் வாக்கியம் இதுதான். ‘காமெடி தொடருன்னு சொன்னாங்க, ஒரு இடத்துலகூட சிரிப்பு வரல.’ இதில் இரண்டு கேள்விகள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. பிரித்து வைத்துக்கொள்.

ஒன்று, விருது சம்பந்தப்பட்டது. எம்மி விருதில் 2015-ல் ஒரு விதி வந்தது: அரை மணி நேரத் தொடர் என்றால் காமெடி, ஒரு மணி நேரம் என்றால் டிராமா. ‘ஆரஞ்ச் இஸ் த நியூ பிளாக்’ தொடரில் உசோ அடூபா ஒரே பாத்திரத்துக்காக 2014-ல் காமெடிப் பிரிவிலும் 2015-ல் டிராமாப் பிரிவிலும் எம்மி வாங்கினார். நடிப்பு மாறவில்லை, பாத்திரம் மாறவில்லை, தொடர் உட்கார்ந்த நாற்காலிதான் மாறியது. பிறகு அந்த விதியையும் எடுத்துவிட்டார்கள். இப்போது எந்தப் பிரிவில் போட்டியிடுவது என்பதைத் தயாரிப்புத் தரப்பே முடிவு செய்கிறது. ‘தி பேர்’ காமெடிப் பிரிவைத் தேர்ந்தெடுத்தது. 2024 எம்மியில் இந்த இரண்டாவது சீசனுக்கு 11 விருதுகள் கிடைத்தன, ஒரே ஆண்டில் ஒரு காமெடி தொடர் வாங்கியதில் அப்போது அதுவே சாதனை. ‘ஃபிஷஸ்’ எபிசோடுக்காகவே ஸ்டோரருக்குச் சிறந்த இயக்குநர் விருது. டோனாவாக வந்த ஜேமி லீ கர்ட்டிஸும் மைக்கியாக வந்த ஜான் பெர்ந்தலும் காமெடிப் பிரிவில் சிறந்த விருந்தினர் நடிகர்கள். ஆனால் சிறந்த காமெடி தொடர் என்ற முதன்மை விருது மட்டும் ‘ஹேக்ஸ்’ தொடருக்குப் போனது. அந்த மேடையிலேயே தொகுப்பாளர்கள் ‘தி பேர்’ காமெடிதானா என்பதை வைத்துக் கிண்டல் செய்தார்கள்.

விருந்தினர் விருது டோனாவுக்குக் காமெடிப் பிரிவில் கிடைத்ததை நினைத்தால் எனக்கும் உறுத்துகிறது. அந்த இடத்தில் சிரிக்க வைப்பதற்காகவே உழைத்த நடிகைகள் தோற்றிருக்கிறார்கள். அந்தக் கோபம் நியாயமானது. அதை விருதுக் குழுவிடம் காட்டலாம், எபிசோடு மேல் காட்டுவதில் அர்த்தமில்லை.

இரண்டாவது கேள்விதான் நமக்கு உரியது: சிரிப்பு எங்கே இருக்கிறது? இருக்கிறது. பீட்டின் கேசரோல் சிரிப்புதான். ஃபேக் சகோதரர்கள் ஏதோ பெரிய முதலீட்டுத் திட்டம் போல ஆளாளிடம் பணம் கேட்டு அலைவது சிரிப்புதான். சாப்பாட்டு மேஜையில் எல்லாரும் பாம் வெடிக்கக் காத்திருக்கும் நேரத்தில் ஸ்டீவி எழுந்து நன்றிப் பிரார்த்தனை சொல்லும் இடம் சிரிப்பில் ஆரம்பித்து வேறு எங்கோ போய் முடியும். எனக்கு இந்த எபிசோடில் மிகப் பிடித்த இடம் அதுதான். குடும்பத்துக்கு வெளியிலிருந்து வந்த ஒருவன், ஏழு மீன் எதற்கு என்றுகூடச் சரியாகத் தெரியாதவன், அந்த மேஜையைச் சில நிமிடம் காப்பாற்றி வைக்கிறான்.

‘மூச்சு முட்டுது’ என்பவரை மதி

பதற்றம் தாங்காமல் பாதியில் நிறுத்தினேன் என்று சொல்கிறவர்கள் நிறையப் பேர். அவர்களிடம், ‘உனக்கு நல்ல படைப்பு பார்க்கத் தெரியல’ என்று ஒருநாளும் சொல்லிவிடாதே. அவர்கள் சொல்வது ரசனையைப் பற்றி இல்லை, உடம்பைப் பற்றி. கேமரா முகத்துக்கு அவ்வளவு அருகில் போகிறது, குரல்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறுகின்றன, கையில் ஒயினும் சிகரெட்டுமாக ஒரு தாய் கொதிக்கும் பாத்திரங்களுக்கு நடுவே தடுமாறுகிறார். குடிப்பவர் இருந்த வீட்டில் வளர்ந்த ஒருவருக்கு இது நினைவைக் கிளறும். அவர் நிறுத்தியது சரி.

இந்தத் தொடர் முன்பும் நம்மை இப்படி இறுக்கியிருக்கிறது. முதல் சீசனின் ஏழாவது எபிசோடு, ‘ரிவ்யூ’, கிட்டத்தட்ட முழுவதும் ஒரே ஷாட்டில் ஓடும். ஆனால் அது இருபது நிமிடத்தில் விட்டுவிடும். ‘ஃபிஷஸ்’ விடாது. அந்த நீளம் அதிகம் என்ற கருத்தில் எனக்கு ஓரளவு உடன்பாடு உண்டு. கூடத்தில் நடக்கும் சில உரையாடல்களைக் குறைத்திருக்கலாம்.

ஆனால் ‘முழுக்க முழுக்கக் கத்தல்தான்’ என்று சொன்னால் ஒத்துக்கொள்ளாதே. மாடியில் ரிச்சியும் டிஃபனியும் பேசும் இடத்தைப் பார். முதல் சீசனிலேயே அவர்கள் பிரிந்துவிட்டவர்கள் என்று நமக்குத் தெரியும். இங்கே அவன் அவளுக்குக் குடிக்க ஸ்ப்ரைட் கொண்டுபோய்க் கொடுத்து, பக்கத்தில் உட்கார்ந்து, பிறக்கப்போகும் குழந்தையைப் பற்றிக் கனவு காண்கிறான். எவ்வளவு அன்பாக இருந்தார்கள் என்று அந்த ஒரே காட்சி சொல்லிவிடுகிறது. மைக்கிக்குக் கார்மி கொடுக்கும் பரிசைப் பார். அண்ணனும் தம்பியும் சேர்ந்து நடத்த நினைத்த ரெஸ்டாரண்டின் படம், சட்டம் போட்டு. அந்த ரெஸ்டாரண்டைத்தான் இப்போது அண்ணன் இல்லாமல் தம்பி கட்டிக்கொண்டிருக்கிறான். மிஷேல் கார்மியைத் தனியாக அழைத்து, நியூயார்க்கில் என்னோடு வந்து தங்கு என்று மெதுவாகச் சொல்வதைப் பார். மூன்றும் மெல்லிய குரலில் பேசப்படும் காட்சிகள். பதற்றம் தாங்காதவர் இந்த மூன்றை மட்டும் பார்த்தாலும் கதை கைக்கு வந்துவிடும்.

டோனாவைப் பற்றி அவசரப்படாதே

கருத்துகள் மிகச் சூடாவது இங்கேதான். ‘அந்தப் பொம்பள ஒரு ராட்சசி’ என்று ஒரு கட்சி. ‘பாவம், ஒருத்தியும் உதவிக்கு வரல’ என்று இன்னொரு கட்சி. மூன்றாவதாக ஒரு கட்சி, மகள் நாட்டலி மேல் பழி போடும். ‘நல்லா இருக்கியா, நல்லா இருக்கியாம்மா’ என்று அவள் நச்சரிக்காமல் இருந்திருந்தால் அம்மா வெடித்திருக்க மாட்டார் என்பார்கள்.

நாட்டலியைக் குறை சொல்கிறவர்களோடு எனக்குச் சமரசமே கிடையாது. அம்மா குடித்துக்கொண்டிருக்கிறார், தடுமாறுகிறார், எந்த நேரமும் ஏதாவது ஆகலாம். அதைப் பார்க்கும் ஒரு மகள் வேறு என்ன கேட்பாள்? அந்தக் கேள்வி அம்மாவுக்குப் பிடிக்காது என்று அவளுக்கும் தெரியும். சகோதரர்கள் இருவரும் கேட்காதே என்கிறார்கள். கேட்காமல் இருந்தால் வீடு சரியாகிவிடும் என்று நம்புகிற வீடு அது. அவளால் அப்படி நம்ப முடியவில்லை. அவ்வளவுதான் அவள் செய்த தப்பு.

டோனாவைப் புரிந்துகொள்ள உனக்கு ஒரு வழி சொல்கிறேன். இரண்டாவது தடவை பார்க்கும்போது சமையலறைக்குள் யார் யார் வருகிறார்கள், அவர்களுக்கு என்ன கிடைக்கிறது என்று மட்டும் கவனி. உதவட்டுமா என்று கேட்டால் திட்டு. கேட்காமல் இருந்தால், ஒருவரும் உதவவில்லை என்ற அழுகை. எல்லாருக்காகவும் நான் எல்லாவற்றையும் அழகாக்குகிறேன், எனக்காக ஒருவரும் எதையும் அழகாக்குவதில்லை என்ற அந்த அம்மாவின் ஏக்கம் பொய்யில்லை. அதே ஏக்கத்தை எடுத்துப் பிள்ளைகளை அடிப்பதும் பொய்யில்லை. இரண்டும் ஒரே ஆளிடம், ஒரே நிமிடத்தில் இருப்பதைக் காட்டியதுதான் ஜேமி லீ கர்ட்டிஸின் திறமை. ஒரு பக்கத்தை மட்டும் பிடித்துக்கொண்டு பேசுகிறவர் பாதியைத்தான் பார்த்திருக்கிறார்.

அந்தச் சமையலறையில் கார்மி எப்படி நிற்கிறான் என்றும் பார். கத்தி எங்கே, எந்த டைமர் எதற்கு, எப்போது வாயைத் திறக்கக்கூடாது எல்லாம் அவனுக்குத் தெரியும். அவன் பின்னால் நடத்தப்போகும் சமையலறையில் இருக்கும் பதற்றத்தின் முதல் பாடம் இங்கே. அவன் கோபத்தை முதல் சீசனில் திட்டியவர்கள் பலர் இதைப் பார்த்தபின் கருத்தை மாற்றிக்கொண்டார்கள். கோபம் சரியாகிவிடாது, எங்கிருந்து வந்தது என்பது மட்டும் தெரியும்.

ஒரு கண்டிப்பான விஷயம்: டோனாவுக்கு நோயின் பெயர் வைக்காதே. அவருக்கு இது இருக்கிறது, அது இருக்கிறது என்று ஆளாளுக்கு மருத்துவர் ஆகிவிடுகிறார்கள். இந்த எபிசோடில் எந்த நோயின் பெயரும் சொல்லப்படவில்லை. நாம் ஒரு பெயரை ஒட்டினால், அதே நோயோடு அமைதியாக வாழ்ந்துகொண்டிருக்கும் எத்தனையோ பேர் மேல், எபிசோடு முடிவில் டோனா காரை வீட்டுக்குள் மோதும் அந்த விபத்தையும் சேர்த்து ஒட்டியதாகிவிடும்.

இன்னும் ஒன்று தெரிந்துகொள். டோனாவின் கதை இங்கே முடியவில்லை. இந்த சீசனின் கடைசி எபிசோடில் மறுபடி வருவார். எங்கே நிற்கிறார், அவரோடு பேசுவது யார் என்று கவனி. இங்கே கேசரோலோடு கேலிக்கு ஆளான ஒருவரைப் பற்றி உன் எண்ணம் அங்கே மாறும். மூன்றாவது சீசனின் எட்டாவது எபிசோடு, ‘ஐஸ் சிப்ஸ்’, ஆஸ்பத்திரியில் நாட்டலியும் டோனாவும் மட்டும் பேசிக்கொள்வது. ‘ராட்சசி’ என்றவர்கள் அதைப் பார்த்துவிட்டு மறுபடி ‘ஃபிஷஸ்’ பார்த்தால் வேறு வார்த்தை தேடுவார்கள்.

இத்தனை நட்சத்திரம் எதற்கு?

லீ மாமாவாக பாப் ஓடன்கர்க், மிஷேலாக சாரா பால்சன், ஸ்டீவியாக ஜான் முலேனி, டிஃபனியாக கில்லியன் ஜேகப்ஸ். ஒவ்வொரு கதவு திறக்கும்போதும் ஒரு தெரிந்த முகம். அமெரிக்கப் பார்வையாளர்கள் சிலருக்கு இது எரிச்சல். குடும்பத்தைப் பார்க்கிறோமா, விருது விழாவைப் பார்க்கிறோமா என்று கேட்டார்கள். இந்தக் கருத்தைத் தள்ளிவிடாதே, அதில் நியாயம் இருக்கிறது. ஒரு புது நட்சத்திரம் வரும்போது நம் கவனம் ஒரு நொடி கதையை விட்டு வெளியே போய்விட்டுத்தான் வரும். ஓடன்கர்க்கைப் பார்த்ததும் ‘பெட்டர் கால் சால்’ ஞாபகம் வராதவர்கள் குறைவு.

உனக்கு இதில் ஒரு வசதி. இவர்களில் பாதிப் பேரை நீ முன்பின் பார்த்திருக்க மாட்டாய். உனக்கு அவர் லீ மாமா மட்டும்தான். மைக்கி அவர் மேல் முட்கரண்டி எறியும் நேரத்தில் நீ மேஜையைத்தான் பார்ப்பாய். யார் நடித்தார்கள் என்று முன்கூட்டித் தேடாதே, பார்த்து முடித்தபின் தேடு.

அடுத்த எபிசோடைப் பார்க்காமல் தீர்ப்புச் சொல்லாதே

‘கதை நகரவே இல்லை, ரெஸ்டாரண்ட் திறக்கப் போறாங்களா இல்லையா’ என்பது இன்னொரு பெரிய குறை. சீசன் நடுவில் தனித்து நிற்கும் எபிசோடு எல்லாவற்றுக்கும் இது வரும். ‘டெட் லாஸோ’ இரண்டாவது சீசனை எடுத்துக்கொள். முதலில் பத்து எபிசோடு என்று திட்டமிட்டிருந்தார்கள். ஆப்பிள் நிறுவனம் பன்னிரண்டு கேட்டது. கதை ஏற்கெனவே பின்னப்பட்டுவிட்டதால் தனித்து நிற்கும் இரண்டைச் சேர்த்தார்கள். ஒன்று கிறிஸ்துமஸ் எபிசோடு, 2021 ஆகஸ்ட் 13 அன்று வெளியானது. இன்னொன்று கோச் பியர்ட் ஒரு ராத்திரி முழுக்க லண்டனில் சுற்றுவது. வாரம் ஒன்றாக வந்த தொடர் என்பதால், ஒரு வாரம் காத்திருந்து கதை நகரவில்லை என்றதும் பலர் கடுப்பானார்கள். அதே இரண்டை இன்று தொடர்ச்சியாகப் பார்க்கிறவர்களுக்கு அந்த எரிச்சல் வருவதில்லை. வெளியான விதம்கூடக் கருத்தை மாற்றும்.

‘ஃபிஷஸ்’ அப்படிப் பின்னால் செருகியது இல்லை. சீசனுக்குள் ஊன்றியது. மேஜையில் மைக்கி லீ மாமா மேல் முட்கரண்டிகளை எறிகிறான் அல்லவா? அடுத்த எபிசோடின் பெயரே ‘ஃபோர்க்ஸ்’. அதில் ரிச்சி ஒரு பெரிய ரெஸ்டாரண்டுக்குப் பயிற்சிக்குப் போகிறான். நாள் முழுக்க அவனுக்குக் கொடுக்கப்படும் வேலை முட்கரண்டி துடைப்பது. முதலில் அவமானமாக இருக்கிறது. சில நாளில் அந்த வேலைக்குள் ஒரு மரியாதை இருப்பதைக் கண்டுபிடிக்கிறான். ‘ஃபிஷஸ்’ இரவில் ஜிம்மி மாமாவிடம் வேலை கேட்டுத் தயங்கி நின்ற அதே ஆள். ஆறாவது பிடிக்கவில்லை, ஏழாவது மிகவும் பிடித்தது என்று சொல்கிறவர்கள் ஏராளம். ஆறு இல்லாமல் ஏழு அந்த அளவுக்குத் தொட்டிருக்காது என்பது என் கட்சி. அதனால் இரண்டுக்கும் நடுவில் அதிக இடைவெளி விடாதே.

நீ சொல்லும்போது

தோழிகள் குழுவில் நீ ஏதாவது சொல்லப்போகிறாய் என்றால், ‘செம’, ‘மொக்கை’ இரண்டையும் விடு. ஒரு காட்சியைச் சொல், அங்கே உனக்கு என்ன ஆனது என்று சொல். ‘ஸ்டீவி பேசும்போது எனக்கு அழுகை வந்தது’ என்றால் அதன்மேல் பேச்சு வளரும்.

கார் விஷயத்தை முதல் வரியில் எழுதாதே. பார்க்காதவர்கள் இருப்பார்கள். கதை வரும் என்று மேலே எழுதிவிட்டு, நாலு வரி இடம் விட்டு எழுது.

பாத்திரத்தின் மேல் உள்ள கோபத்தை நடிகர் மேல் காட்டாதே. நாட்டலியாக நடித்த அபி எலியட்டை அவர் பாத்திரத்துக்காகத் திட்டுவது எந்த வகையிலும் விமர்சனம் ஆகாது.

யாரிடமும், ‘உங்க வீடு மாதிரியே இருக்கு’ என்று சொல்லாதே. அவர்களாகவே, ‘எங்க வீடு மாதிரி இருந்துச்சு’ என்று சொன்னால் பேச்சை நிறுத்திவிட்டுக் கேள். இந்த எபிசோடைப் பற்றி வந்த கருத்துகளிலேயே எனக்கு மிக மதிப்பானவை அவைதான். பண்டிகை என்றாலே வயிற்றைக் கலக்கும் என்று வெளியில் சொல்ல முடியாமல் இருந்தவர்கள், டோனாவையும் நாட்டலியையும் சாக்காக வைத்து முதன்முறையாகச் சொல்லியிருக்கிறார்கள். அந்த இடத்தில் வந்து நின்று, கேமரா கோணம் சரியில்லை என்று விவாதிக்காதே.

உனக்குப் பிடிக்காமல் போனாலும் பிடிக்கவில்லை என்றே சொல். ஊரே புகழ்கிறது, பதினோரு விருது வாங்கியது என்பதற்காகத் தலையாட்ட வேண்டாம். ஏன் பிடிக்கவில்லை என்று மட்டும் தெளிவாகச் சொல்: நீளமா, சத்தமா, நட்சத்திரக் கூட்டமா, இல்லை மனசு தாங்கவில்லையா. நாலும் நாலு விதமான கருத்து.

என் கணக்கில் இது இந்தத் தொடரின் ஆகச் சிறந்த எபிசோடுகளில் ஒன்று, அடிக்கடி பார்க்கக்கூடியது இல்லை. சனிக்கிழமை சாயங்காலம் ‘ஃபிஷஸ்’ பார், ஞாயிற்றுக்கிழமை காலையில் ‘ஃபோர்க்ஸ்’ பார். இரண்டையும் முடித்துவிட்டு எனக்கு போன் பண்ணு, நாட்டலி செய்தது சரியா தப்பா என்று நீ என்ன நினைக்கிறாய் என்பதை முதலில் சொல்.